அடும்பிலையும் செப்புத்தகடும்

ஐரோப்பியக் கலைவரலாற்றில் அடுத்தடுத்து வரும் இரண்டு காலகட்டங்களின் பெயர்கள் கடலில் இருந்து எடுக்கப்பட்டவை. உருண்டை வடிவம் கூடிவராத கோணல் முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லில் இருந்து ‘பரோக்’ வந்தது என்பது பொதுவான கொள்கை. ‘ரொகோகோ’ என்பதோ ‘ரொக்காய்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் கேலித் திரிபு. செல்வர்களின் தோட்டங்களில் செயற்கைக் குகைகள் அமைத்து, அவற்றின் சுவர்களில் கூழாங்கற்களையும் கிளிஞ்சல்களையும் பதிக்கும் வேலைக்கு ரொக்காய் என்று பெயர். ஒன்று முத்து, மற்றொன்று சிப்பி. இரண்டும் பாரிஸில் விளைபவை அல்ல.

ரொகோகோ கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வெர்சாயில் தொடங்குவார்கள். பதினான்காம் லூயி 1715இல் இறந்தார், அவையின் இறுக்கம் தளர்ந்தது, பிரபுக்கள் பாரிஸ் நகர வீடுகளுக்குத் திரும்பினார்கள், சிறிய அறைகளுக்கு ஏற்ற மென்மையான அலங்காரம் பிறந்தது என்று வரலாறு விரியும். அதில் பிழையில்லை. ஆனால் அந்த அலங்காரத்தின் கச்சாப் பொருளான சிப்பியும் இலையும் பூவும் எங்கிருந்து போயின என்று கேட்டால் கதையை வேறொரு முனையில் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சலுக்கும் முட்டத்திற்கும் இடையிலுள்ள மண்டைக்காட்டில் இருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

மண்டைக்காட்டுக் கரையின் மணல் ஒரே நிறம் கொண்டதல்ல. இல்மனைட்டின் கருமையும் கார்னெட்டின் செம்மையும் அலை வாங்கும்போது வரிவரியாகப் பிரிந்து படியும். பக்கத்து ஊரான மணவாளக்குறிச்சியின் மணலில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1909இல் மோனசைட்டைக் கண்டறிந்தார். அதன்பிறகு இந்த மணலுக்கு உலகச் சந்தையில் விலை வந்தது. ஊரின் பகவதியம்மன் கோயில் கருவறையில் முதன்மையாக வழிபடப்படுவது ஆளுயரத்தை விஞ்சி வளர்ந்த மண்புற்று. சமச்சீரற்ற, தானே வளர்ந்த வடிவத்தில் அழகையும் அச்சத்தையும் ஒருங்கே காணும் பழக்கம் இந்த நிலத்துக்குப் புதிதல்ல. கரையோர மணலில் ஊதாப் பூக்களுடன் படரும் அடும்பு, வேலியோரத் தாழை, நிழல் தரும் புன்னை என்று நெய்தல் திணையின் கருப்பொருள்களைப் பள்ளிப் பாடமாகப் படித்தவர்கள் அவற்றை இத்தகைய கரைகளில் நேரில் காணலாம்.

குளச்சல் 1741, பாரிஸ் 1742

மண்டைக்காட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது குளச்சல். அங்கே 1741 ஆகஸ்ட் 10 அன்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றது. சிறைப்பட்ட டி லனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்து, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். இது நாம் அறிந்த வரலாறு. டச்சுக்காரர்கள் மிளகுக்காக வந்தார்கள், துணிக்காக வந்தார்கள் என்பதும் அறிந்ததே. அதே கப்பல்களில் மாலுமிகளின் பெட்டிகளில் போன இன்னொரு சரக்கைப் பற்றி நம் வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. அது சிப்பி.

கீழைக்கடல்களின் சங்குகளும் சோழிகளும் பதினேழாம் நூற்றாண்டு முதலே ஆம்ஸ்டர்டாமில் பெரும் விலைக்கு விற்றன. பாரிஸின் ஓவிய வணிகர் ஜெர்சன் ஹாலந்துக்குப் பலமுறை போய்ச் சிப்பிகளை வாங்கிவந்து ஏலம் விட்டார். அவர் 1736இல் வெளியிட்ட சிப்பி விற்பனைப் பட்டியலின் முகப்புப் படத்தை வரைந்தவர் பூஷே. ரொகோகோ ஓவியத்தின் தலைமகன் என்று இன்று கருதப்படும் அதே பூஷே. அவர் தாமே பெரிய சிப்பிச் சேகரிப்பாளர். அவர் இறந்தபின் 1771இல் நடந்த ஏலத்தில் ஓவியங்களோடு அவருடைய சிப்பிகளும் விலைபோயின. குளச்சல் போருக்கு அடுத்த ஆண்டு, 1742இல், தெசாலியே தார்ஜான்வில் என்பவர் சிப்பிகளை வகைப்படுத்திப் படங்களுடன் ஒரு பெருநூலைப் பாரிஸில் வெளியிட்டார்.

கலைஞனின் மேசையில் சிப்பி இருந்தது என்பதே இங்கே முக்கியம். ரொகோகோவின் அடையாளமான அந்த வளைவை, ஆங்கில எழுத்து ‘எஸ்’ போலவும் ‘சி’ போலவும் சுருண்டு, ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் ஒடுங்கி, ஓரம் நுரைபோல் கிழிந்து நிற்கும் வடிவத்தை, யாரும் வெறும் கற்பனையில் கண்டுபிடிக்கவில்லை. சிப்பியின் உதட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண்கள் அதைக் கண்டன. சிப்பியில் இடமும் வலமும் ஒன்றல்ல. ஒரு புள்ளியில் தொடங்கி வளர்ந்துகொண்டே போகும் உயிரின் வடிவம் அது. சமச்சீர்மையே அழகு என்று நம்பிய செவ்வியல் மரபுக்கு எதிராக ரொகோகோ கொண்டுவந்த துணிச்சலின் ஊற்றுக்கண்களில் இதுவும் ஒன்று.

வலம்புரியாகிப்போன இடம்புரி

இந்த வடிவம் ஐரோப்பா முழுவதும் பரவியது அச்சின் வழியாக. அன்றைய படஅச்சின் நுட்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெருகேற்றிய செப்புத்தகட்டில் கூர்மையான உளியால் நேரடியாகக் கோடு கீறுவது ஒரு முறை. தகட்டின் மீது மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் பூச்சை மட்டும் கீறி, அமிலத்தில் இட்டு, திறந்த கோடுகளை அமிலம் அரிக்கச்செய்வது இன்னொரு முறை. ஊசி மெழுகில் எழுதுகோலைப்போல ஓடும் என்பதால் விரைவும் நெளிவும் இரண்டாம் முறைக்கு அதிகம். இரண்டிலும் பிறகு செய்வது ஒன்றே. தகடு முழுக்க மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் கோட்டுப் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை அதன்மீது வைத்து உருளைகளுக்கு இடையே அழுத்தினால் பள்ளத்து மை தாளில் ஏறும். தகட்டில் இருப்பது தாளில் இடவல மாற்றத்துடன் விழும்.

ரொகோகோவுக்கு முன்பே, 1650இல், ரெம்பிராண்ட் ஒரு சிப்பியை இப்படிச் செப்புத்தகட்டில் வரைந்தார். கீழைக்கடல்களில் இருந்து வந்த, கருமையில் வெண்திட்டுகள் கொண்ட கூம்புச்சிப்பி. தன் கையெழுத்தை மறக்காமல் தலைகீழாக்கித் தகட்டில் எழுதினார். அது தாளில் நேராக வந்தது. சிப்பியை மட்டும் கண்ணில் பட்டபடியே வரைந்தார். அச்சில் அதன் சுருள் எதிர்த்திசையில் திரும்பிவிட்டது.

ஒரு தமிழ் வாசகருக்கு இதன் விபரீதம் உடனே புரியும். கடற்சங்குகளில் ஆகப் பெரும்பான்மை ஒரே திசையில் சுருள்பவை. நாம் அவற்றை இடம்புரி என்கிறோம். எதிர்த்திசையில் சுருளும் வலம்புரி மிக அரிது. மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர்கள் வாழ்நாளில் ஒன்றைக் கண்டால் பெரிது. (உயிரியலாளர்கள் சங்கின் கூர்முனையை மேலே வைத்துப் பார்ப்பதால் அவர்கள் சொல்லும் இடமும் வலமும் நம் வழக்குக்கு நேர்மாறாக இருக்கும்.) செப்புத்தகடு ஒரே அழுத்தில் எல்லா இடம்புரிகளையும் வலம்புரிகளாக மாற்றிவிடுகிறது. ஆரம்பகாலச் சிப்பி நூல்கள் பலவற்றில் இந்தப் பிழை உண்டு. பார்ப்பதற்கும் பதிப்பதற்கும் இடையே ஒரு கண்ணாடி நிற்கிறது. அதை அறியாதவர் படத்தைப் பார்த்து இயற்கையைக் கற்றால் இல்லாத ஒன்றைக் கற்றுக்கொள்வார். இந்தச் சிறு விஷயத்தை மனதில் இருத்திக்கொண்டால் ரொகோகோவின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் புரிந்துகொள்வது எளிது.

மாதிரிப் புத்தகங்களின் காலம்

மெய்சோனியே என்ற பொற்கொல்லர் 1734இல் ஓர் அலங்காரப் படத்தொகுப்பை வெளியிட்டார். நீரூற்றுகள், படிக்கட்டுகள், சிப்பிகள், பாறைகள் எல்லாம் ஒன்றில் ஒன்று உருகிக் கலந்து, எது கட்டடம் எது கடல் என்று பிரிக்க முடியாத கற்பனைகள். ஊக்கியே போன்ற செதுக்குநர்-பதிப்பாளர்கள் இத்தகைய தொகுப்புகளைத் தொடர்ந்து வெளியிட்டார்கள். விலை மலிவு, எடை குறைவு. பாரிஸைக் கண்ணால் பார்த்திராத ஜெர்மானியத் தச்சரும் லண்டன் வெள்ளிக் கொல்லரும் இந்தத் தாள்களை வாங்கித் தம் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்து வேலை செய்தார்கள். ரொகோகோ ஒரு பாணியாக ஐரோப்பா எங்கும் பரவியதில் ஓவியங்களைவிட இந்த அச்சுத் தாள்களின் பங்கு பெரிது என்றே சொல்ல வேண்டும்.

கற்பவர்களுக்கென்றே நூல்கள் வந்தன. லண்டனில் ராபர்ட் சேயர் 1760ஐ ஒட்டி வெளியிட்ட, பெண்களின் பொழுதுபோக்குக்கான ஒரு தொகுப்பில் பூ, பூச்சி, பறவை, சிப்பி, சீனக் காட்சி என்று 1500க்கும் மேற்பட்ட வடிவங்கள் இருப்பதாகத் தலைப்பிலேயே அறிவித்தார்கள். அவற்றில் பல, லியோன் நகரில் பிறந்த பில்மான் என்ற ஓவியர் வரைந்தவை. வாங்கியவர்கள் அவற்றுக்கு வண்ணம் தீட்டி, கத்தரித்து, மரப்பெட்டிகளில் ஒட்டி, மேலே மெருகெண்ணெய் பூசினார்கள். பூவை வரையத் தோட்டத்துக்குப் போகவேண்டியதில்லை என்றாயிற்று.

எதிர்ப்புக் குரலும் அச்சுத்துறைக்குள் இருந்தே எழுந்தது. கோஷான் தாமே தேர்ந்த செதுக்குநர். அவர் 1754இல் ‘மெர்க்யூர் த ஃபிரான்ஸ்’ இதழில், பொற்கொல்லர்களுக்கும் மரச்சிற்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள் என்ற பாவனையில், கூர்மையான அங்கதக் கட்டுரை ஒன்றை எழுதினார். நேராக இருக்க வேண்டியதை வளைக்காதீர்கள், பொருள்களின் இயல்பான அளவைச் சிதைக்காதீர்கள் என்பது அதன் சாரம். சில பத்தாண்டுகளில் ரொகோகோ மங்கியது. புதுச் செவ்வியல் வந்தது, புரட்சி வந்தது, பிரபுக்களின் அறைகளும் போயின. அரசியல் காரணங்களை ஒதுக்கிவிட்டுப் பட்டறையை மட்டும் பார்த்தாலும் ஒன்று தெரிகிறது. முதல் தலைமுறை சிப்பியைப் பார்த்து வரைந்தது. அடுத்த தலைமுறை முதல் தலைமுறையின் தாளைப் பார்த்து வரைந்தது. அதற்கடுத்தது அந்தத் தாளின் நகலைப் பார்த்து வரைந்தது. சுருள் மிஞ்சியது, சிப்பி காணாமல் போயிற்று.

எழுத்தும் படமாக ஏறிய நூல்

நம் கரையில் இருந்து ஐரோப்பியச் செப்புத்தகட்டுக்குப் போன இயற்கை வடிவங்களில் ஆகப் பெரிய தொகுதி ஹோர்த்தூஸ் மலபாரிகஸ். மலபாரில் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீட் கொச்சியில் தொகுக்கத் தொடங்கி, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த தாவரநூல் அது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். பறித்த பசுமையோடு கொண்டுவரப்பட்ட கிளைகளை ஓவியர்கள் கொச்சியில் வரைந்தார்கள். அந்த வரைபடங்களைக் கொண்டு ஹாலந்தில் தகடுகள் செதுக்கப்பட்டன. முதல் தொகுதியின் முதல் படம் தென்னை.

கால வரிசையில் இது ரொகோகோவுக்கு முந்தையது. அலங்காரத்துக்காகச் செய்யப்பட்டதும் அல்ல, மருந்துக்காகச் செய்யப்பட்டது. ஆனாலும் இலை நெளிந்து தாளின் விளிம்பைத் தொட்டுத் திரும்புவதிலும், ஒரே கிளையில் மொட்டும் மலரும் காயும் ஒருங்கே நிற்பதிலும் இருக்கும் வடிவக் களிப்பு பின்னர் வந்த அலங்காரக்காரர்களுக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல.

இந்த நூலின் மிகப் பெரிய சிறப்பாக எனக்குத் தோன்றுவது வேறு. செடிகளின் பயனைச் சொன்ன இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் 1675இல் கோலெழுத்தில் எழுதித்தந்த சான்று முதல் தொகுதியில் இடம்பெற்றுள்ளது. ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணி வைத்தியர்களின் சான்றும் நாகரியில் உண்டு. படங்களிலும் செடியின் பெயர் லத்தீன், மலையாளம், அரபி, நாகரி எழுத்துகளில் பொறிக்கப்பட்டது. மலையாளத்துக்கு அன்று அச்செழுத்து கிடையாது. ஆகவே எழுத்துகளும் செடிகளைப்போலவே படமாகத் தகட்டில் செதுக்கப்பட்டன. அறிவைத் தந்தவர்களின் பெயர் அதே தகட்டில் ஏறியது. காலனிய வரலாற்றில் இது அன்றாட நிகழ்ச்சியல்ல. இந்த நூலை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் மொழிபெயர்க்கத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் தாவரவியலாளர் கே. எஸ். மணிலால். அவரது ஆங்கிலப் பதிப்பு 2003இலும் மலையாளப் பதிப்பு 2008இலும் வெளிவந்தன.

அதன் பதினொன்றாம் தொகுதியில் ‘ஷோவன்ன அடம்போ’ என்ற பெயரில் ஒரு கொடி இருக்கிறது. டச்சு எழுத்துக்கூட்டலை விலக்கிப் பார்த்தால் சிவந்த அடம்பு. நம் அடும்புதான். இரண்டாகப் பிளந்த அதன் இலையில் சங்கக் கவிஞர் மானின் குளம்பைக் கண்டார். 1753இல் அதற்குப் பெயரிட்ட லின்னேயஸ் ஆட்டின் குளம்பைக் கண்டார். இடையே யாரோ ஓர் ஆம்ஸ்டர்டாம் செதுக்குநர், அந்தக் கொடி படர்ந்த மணலை ஒருபோதும் மிதிக்காமல், அதன் ஒவ்வொரு நரம்பையும் செம்பில் கீறியிருக்கிறார்.

பெயரில்லாத கைகள்

மலபார்க் கரையில் இருந்து மருத்துவனின் பெயர் போனது. சோழமண்டலக் கரையில் இருந்து துணி மட்டுமே போனது. பூவும் கொடியும் எழுதிய சீட்டித்துணி ஐரோப்பிய வீடுகளைப் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறைத்தது. தம் நெசவாளர்களைக் காக்க பிரான்ஸ் 1686இல் அதைத் தடைசெய்தது. தடை 1759 வரை நீடித்தது. ஏறத்தாழ ரொகோகோவின் ஆயுள் முழுக்க நம் சீட்டி பிரான்சில் கள்ளக்கடத்தல் பொருள். தடை அதன் மோகத்தை வளர்த்ததே தவிரக் குறைக்கவில்லை.

அதன் செய்முறையை ஐரோப்பாவுக்கு விரிவாக எழுதியனுப்பியவர்களில் ஒருவர் கேர்தூ என்ற பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார். 1742ஆம் ஆண்டுக் கடிதம் அது. துணியைச் சாணமிட்டு வெளுப்பதில் தொடங்கும் அவரது விவரணை. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை நனைத்துக் காயவைக்க வேண்டும். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் பிடித்துக்கொள்ளும். சித்திரத்தைத் தாளில் எழுதி, கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் புள்ளிகளாக உருவம் இறங்கும். மூங்கில் எழுதுகோலால் கோடிடுவார்கள். இரும்பை ஊறவைத்த புளித்த நீர் கறுப்பைத் தரும். படிகாரத்தால் எழுதிய இடங்களை இம்பூரல் என்னும் சாயவேரோடு கொதிக்கவைத்தால் சிவப்பு ஏறும். நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். இவ்வளவையும் அவருக்குச் சொன்னவர்கள் மதம் மாறியிருந்த உள்ளூர்ச் சாயக்காரர்கள். அவர்களில் எவருடைய பெயரும் நமக்கு வந்துசேரவில்லை.

வடிவங்களின் போக்குவரத்து ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. ஐரோப்பிய வணிகர்கள் தங்கள் சந்தைக்கு ஏற்ற மாதிரித் தாள்களை அனுப்பினார்கள். நம் சாயக்காரர் அதைத் தம் கைப்பழக்கத்தில் எழுதினார். அந்தத் துணியைப் பார்த்து ஐரோப்பிய ஓவியர் மீண்டும் வரைந்தார். ஒரே கிளையில் ஏழுவகைப் பூ மலரும் அந்த அதிசய மரங்கள், எந்தத் தாவரவியலாளரும் பெயர் சொல்ல முடியாத அந்த மலர்கள், இந்தப் பயணங்களில் விளைந்தவை. முன்னே சொன்ன பில்மான் 1760இல் துணி அச்சுக்கான கற்பனைப் பூக்களின் தொகுப்பொன்றை வெளியிட்டார். ‘இந்தியத் துணி’களுக்கான பூக்கள் என்றது அதன் தலைப்பு. சீட்டித்துணிக்கு பிரெஞ்சுக்காரர்கள் வழங்கிய பெயர் அது. கைகளின் பெயர் போனாலும் நாட்டின் பெயர் மிஞ்சியது. அதே 1760இல் ஓபர்காம்ப் என்பவர் ஷூயி கிராமத்தில் துணி அச்சுப் பட்டறை தொடங்கினார். டப்ளின் அருகே பிரான்சிஸ் நிக்சன் 1752இலேயே செப்புத்தகட்டால் துணியில் அச்சிட்டுவிட்டார். மூங்கில் எழுதுகோல் நாட்கணக்கில் எழுதியதைத் தகடு நிமிடங்களில் பதித்தது.

மரத்தில் மலர்ந்தவை

இதே பத்தாண்டுகளில் நாஞ்சில் நாட்டில் அலங்காரக் கலை என்ன செய்துகொண்டிருந்தது? மண்டைக்காட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகத் தக்கலை போகும் வழியில் விடை இருக்கிறது. மார்த்தாண்டவர்மா 1744ஐ ஒட்டிப் புதுப்பித்துக் கட்டிய பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மரக்கூரையில் 90 மலர் வடிவங்கள். ஒன்றைப்போல் ஒன்று இல்லை என்பது அதன் புகழ். ரொகோகோவின் ஒழுங்கற்ற சுருளும் பத்மநாபபுரத்தின் கட்டத்துக்குள் அடங்கிய மலரும் எதிரெதிர் அழகியல்கள். ஆனால் ஒரு கேள்வியை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. இயற்கை ஒருபோதும் தன்னை நகலெடுப்பதில்லை. அதை அலங்காரமாக்கும் கை எப்படித் தன்னை நகலெடுக்காமல் இருப்பது? பாரிஸ் வளைவை உடைத்துப் பார்த்தது. தச்சர் கட்டத்தை ஏற்றுக்கொண்டு உள்ளே இருப்பதை ஒவ்வொரு முறையும் மாற்றினார். அந்தத் தச்சர்களின் பெயர்களும் கூரையில் இல்லை.

மாதிரித் தாள் வேறொரு வடிவில் பின்னர் இதே நிலத்துக்கு வந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820ஐ ஒட்டி நாகர்கோவிலில் பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்றுத்தந்தார். ‘லேஸ்’ என்ற பெயரிலேயே அது இங்கு வழங்குகிறது. 1897இல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியக் கன்னியர் மடத்திலும் அது வேரூன்றியது. துளையிட்ட அட்டையைத் திண்டின்மேல் வைத்து, துளைகளில் ஊசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவது முறை. சீட்டிக்காரரின் துளையிட்ட தாளுக்கு இது தங்கை. ஒடுக்கப்பட்ட பல பெண்களுக்குச் சொந்த வருமானத்தையும் அதனால் நிமிர்வையும் தந்த தொழில் என்பதால் அதன் வரலாற்று மதிப்பு மிகப் பெரியது. அலங்காரத்தின் கண்ணோடு மட்டும் பார்த்தால், பின்னப்பட்டவை பெரும்பாலும் ஐரோப்பிய மாதிரிகளின் பூக்கள். அடும்பும் தாழையும் வீட்டுக்கு வெளியே இருந்தன, அட்டையில் இல்லை.

இலையே அச்சாகும்போது

மாதிரித் தாளின் ஆட்சிக்கு ரொகோகோ காலத்திலேயே ஒரு மாற்று இருந்தது. இலையைப் பார்த்து வரைவதற்குப் பதிலாக இலையின் மீதே மையைத் தடவித் தாளில் அழுத்துவது. லியனார்தோ டா வின்சியின் குறிப்பேட்டில் இப்படிப் பதித்த ஓர் இலை உண்டு. எர்ஃபுர்ட் நகர மருத்துவப் பேராசிரியர் கினிப்ஹோஃப் இதை ஒரு நூலளவுக்கு வளர்த்தார். 1757 முதல் 1764 வரை ஹாலே நகரில் அச்சான அவரது தாவரத்தொகுதியில் ஏறத்தாழ 1200 இலைப்பதிவுகள். தரங்கம்பாடி அச்சகத்துக்கான முதல் தமிழ் அச்செழுத்துகளும் இதே ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் இங்கே வந்து சேர்ந்தவை என்பது தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ளத்தக்கது. அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1730களில் காகிதப் பணத்தில் இலைப்பதிவைச் சேர்த்தார். எந்த இரண்டு இலைகளின் நரம்பும் ஒன்றல்ல என்பதால் கள்ளப்பணக்காரர்களால் அதை நகலெடுக்க முடியவில்லை.

இம்முறை தமிழ்நாட்டுக்கும் வந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சி. அந்தச் சூழலில் 1857இல் ஹென்றி ஸ்மித் என்பவர் இந்தியச் செடிகளின் இலைப்பதிவு மாதிரிகளை ஒரு நூலாகச் சென்னையிலேயே வெளியிட்டார். இயற்கையின் முன் கண்ணைத் திறக்கவைக்கும் ஓர் எளிய கல்விமுறை இவ்வளவு அருகில், இவ்வளவு காலமாக இருந்தும், நம் பள்ளி ஓவிய வகுப்பு கரும்பலகையில் ஆசிரியர் வரைந்த செம்பருத்தியைப் பார்த்து வரையும் வகுப்பாகவே பல இடங்களில் நீடிக்கிறது.

குமரிக் கரையின் ஒரு பள்ளியில் இதைச் செய்ய அச்சு இயந்திரம் தேவையில்லை. அடும்பு, பூவரசு, புன்னை என்று வெவ்வேறு நரம்போட்டம் கொண்ட இலைகளை எடுத்து, புத்தகத்துக்குள் வைத்து ஒருநாள் அழுத்தி ஈரத்தை வாங்க வேண்டும். நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கத்தில் மையை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். மை மிகுந்தால் நரம்புகளின் இடைவெளி அடைந்துவிடும். தாளை மேலே வைத்து ஒரு கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தேய்த்தால் போதும். பதிந்ததைப் பார்க்கும் மாணவர் முதலில் கவனிப்பது அடும்பின் பிளவு தாளில் இடவலம் மாறியிருப்பதை. அடுத்து, புன்னையின் பக்க நரம்புகள் நெருக்கமாக, சீப்பின் பற்கள்போல இணையாக ஓடுவதை. மூன்று இலைகளைச் சாய்த்தும் திருப்பியும் வைத்துப் பதித்தால் ஓர் அலங்கார ஓரம் தானே உருவாகும். பூஷே சிப்பியிடம் கற்றதும் இதே பாடம்தான். ரொகோகோவின் படத்தொகுப்புகளை இதற்குப் பிறகு காட்டலாம். அப்போது அவை மாதிரியாக அல்லாமல், இன்னொரு மாணவரின் பயிற்சித் தாளாகத் தெரியும்.

இதில் அவசரம் ஒன்று உண்டு. குளச்சல் பகுதியின் மீனவ ஊர்களை 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை கடுமையாகத் தாக்கியது. கடலரிப்பால் மாவட்டத்தின் கரை பல இடங்களில் ஒடுங்கிவருகிறது. தடுப்பாகக் கொட்டிய பாறைச்சுவர்கள் மணல் மேட்டின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அடும்பு மணல்மேட்டைப் பிடித்துவைக்கும் கொடி, மணல்மேடு இல்லாத இடத்தில் அது படர்வதில்லை. கொடி போனபின் மிஞ்சுவது ஆம்ஸ்டர்டாமில் செதுக்கிய தகட்டின் படம் மட்டும் என்றாகக்கூடாது.

பழைய செப்புத்தகட்டுப் படங்களின் அடியில் இடது மூலையில் வரைந்தவர் பெயரும் வலது மூலையில் செதுக்கியவர் பெயரும் இருக்கும். நம் மாணவர்களின் இலைத்தாள்களுக்கும் அந்த மரபைக் கடன்வாங்கலாம். இலையின் ஊர்ப்பெயர், பறித்த இடம், தேதி, பதித்தவர் பெயர் என நான்கு சிறு குறிப்புகள். சீட்டி எழுதியவர்களுக்கும் பூமுகத்துத் தச்சர்களுக்கும் கிடைக்காதது அந்தக் கடைசிக் குறிப்பு.